சுண்டுவிரல் நகமளவு இரும்பு

உடைந்த பிளேட்டைச் சாக்கின் மேல் கிடத்தி, துண்டுகளை ஒன்றோடொன்று சேர்த்து வைத்துப் பார்த்தபோது ஓரிடம் மட்டும் நிரம்பவில்லை. சுண்டுவிரல் நகமளவு இடைவெளி. அதன் வழியே சாக்கின் சணல் இழைகள் தெரிந்தன. நூஹு துண்டுகளைக் கலைத்துவிட்டு மறுபடியும் அடுக்கினார். மூன்றாம் முறையும் அடுக்கினார். இடைவெளி அதே இடத்தில் அதே அளவில் இருந்தது.

கல்முனைக்குடியில் ஸலாஹுதீன் ஹாஜியாரின் நெல் குற்றும் மில்லில் அவர் பதினெட்டு வருடமாக ட்றைவர். எஞ்சினுக்கும் அது சுழற்றுகிற மிசினுக்கும் அவர்தான் பொறுப்பு. மிசினின் வயிற்றுக்குள் ஓர் இரும்பு உருளை சுற்றும். அதன் பக்கத்தில், ஒரு நெல் நுழையும் அளவுக்கு இடம் விட்டு, எஃகுப் பிளேட் ஒன்று நீளவாட்டில் இறுக்கப்பட்டிருக்கும். மேலே தொட்டியில் கொட்டும் நெல் இந்த இரண்டுக்கும் நடுவில் உராய்ந்து, அரிசி முன்வாயால் வரும். உமியும் தவிடும் அடிச் சல்லடை வழியே கொட்டும். பிளேட் தேய்ந்தால் அரிசி முழுதாக வராது, நொறுங்கிக் குறுநலாக வரும். தேய்ந்த பிளேட்டைப் புரட்டிப் போடும் நாள் எது, கழற்றி எறியும் நாள் எது என்று அறிவதுதான் ட்றைவரின் வேலை. மற்றதெல்லாம் எண்ணெய் ஊற்றுகிற வேலை, அதை யாரும் செய்யலாம்.

நூஹு அதைக் கம்பியால் அறிந்தார். ஒன்றரை முழக் கம்பி. ஒரு நுனியை மிசினின் மூடியில் ஊன்றி, மறுநுனியைக் கடைவாய்ப் பற்களுக்கிடையில் கடித்துக்கொண்டு கண்ணை மூடுவார். பல்லின் வழியே தாடைக்குள்ளும், தாடையின் வழியே தலைக்குள்ளும் மிசின் முழுவதும் வந்து இறங்கும். புதுப் பிளேட் என்றால் ஓசை மெலிதாக, இழை அறாமல் ஓடும். நாள் போகப் போக அதில் ஒரு கரகரப்பு ஏறும். எந்தக் கரகரப்பில் நிறுத்த வேண்டும் என்று அவருக்குத் தெரியும். அக்கரைப்பற்றிலிருந்துகூட மில்காரர்கள் வந்து இதை வேடிக்கை பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பெரிய கைகாரன் என்று சொன்னார்கள். கைகாரத்தனமெல்லாம் இல்லை, நூஹுவுக்குக் காது கேட்காது, அவ்வளவுதான். எஞ்சினுக்குப் பக்கத்தில் பதினெட்டு வருடம் நின்ற காது. வலது காது முழுதாகப் போய்விட்டது, இடது காதில் கிணற்றுக்குள்ளிருந்து கதைப்பது போல ஏதோ வரும். வாயசைவைப் பார்த்துப் பதில் சொல்லப் பழகிக்கொண்டார். காது கேட்காத ட்றைவரை எந்த முதலாளியும் வைத்திருக்க மாட்டான் என்பதால் அவர் இதை மகளிடம்கூட சொல்லவில்லை.

அந்த மில்லில் எழுதி ஒட்டாத சட்டங்கள் இரண்டு உண்டு. இரண்டையும் போட்டவர் நூஹுதான். முதலாவது, தொட்டி வெறுமையாக ஓடக்கூடாது. பழைய மிசின், அச்சு தளர்ந்தது. நடுவில் நெல் இருக்கும்வரை உருளை அடங்கிச் சுற்றும். நெல் தீர்ந்துபோனால் ஆடத் தொடங்கி, பிளேட்டில் போய்த் தட்டும், இரும்பை இரும்பு தின்னும். இரண்டாவது, பிளேட் உடைந்தால் கடைசித் துண்டும் கிடைத்துப் பொருந்தும்வரை எஞ்சின் ஓடக்கூடாது. சோற்றுக்குள் இரும்பு போகலாமா?

அன்று காலையில் அவர் முதல் சட்டத்தை மீறினார். இறக்காமத்திலிருந்து ஒரு கல்யாண வீட்டு நெல், பன்னிரண்டு சாக்கு, வந்திருந்தது. ஆறாவது சாக்கு முடிகிற நேரம் அவர் கம்பியைக் கீழே வைத்துவிட்டுத் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். தொட்டி வெறுமையாகிவிட்டது. பின்பக்கம் குறுநல் புடைக்கிற ஸைனம்பு மூன்று தரம் கூப்பிட்டிருக்கிறாள். பிற ஆண்பிள்ளையைத் தொட்டு உசுப்ப மாட்டாளே, ஒரு பிடி தவிட்டை அள்ளி அவர் முதுகில் எறிந்தாள். அவர் திரும்பிப் பார்த்து எஞ்சினை நிறுத்துவதற்குள் பிளேட் ஐந்தாகப் போயிருந்தது.

நான்கு துண்டு கிடைத்தது. ஐந்தாவதைக் காணவில்லை. வெளியே வந்திருந்த அரிசியை ஸைனம்பு சுளகு சுளகாகப் புடைத்துப் பார்த்தாள். அவர் தவிட்டுக் குவியலை விரலால் அளைந்தார். சல்லடையைக் கழற்றித் தட்டினார். இல்லை.

நடுப்பகல் தொழுகைக்கு, ளுஹருக்கு, சற்று முன்னால் ஸலாஹுதீன் ஹாஜியார் வந்தார். நூஹுவைவிடப் பத்து வயது குறைந்தவர், அண்ணன் முறையில் அவரைக் காக்கா என்பவர், வாப்பா விட்டுப்போன மில்லை நடத்துகிறவர்.

"துண்டெல்லாம் கிடைச்சிட்டா, நூஹு காக்கா?"

ஹாஜியார் வருவதற்குக் கால்மணி நேரம் முன்பே நூஹு மூலையில் கிடந்த பழைய பிளேட் ஒன்றின் முனையைச் சுத்தியலால் தட்டி, ஒரு சில்லை எடுத்து, அந்த இடைவெளியில் வைத்திருந்தார். அது சரியாகப் பொருந்தவில்லைதான். ஆனால் ஹாஜியார் குனிந்து பார்க்கிற ஆளில்லை.

"ஓம்," என்றார் நூஹு.

"தொட்டி எப்பிடி வெறுமையா ஓடின? உங்களுக்குக் கேக்கலியா?"

"கண் அசந்திட்டன், ஹாஜியார்."

ஹாஜியார் தலையாட்டிவிட்டுப் போனார். ஸைனம்பு சுளகைக் கையில் வைத்தபடி நூஹுவைப் பார்த்தாள். பிறகு அவளும் குனிந்துகொண்டு புடைக்கத் தொடங்கினாள்.

புதுப் பிளேட்டை இறுக்கி, பின்னேரம் அஸர் நேரத்தில் எஞ்சினைக் கிளப்பி, கம்பியைக் கடித்தபோதுதான் அவருக்கு ஒரு விஷயம் உறைத்தது. மிசினைத் திறக்கும்போது உருளையைச் சுற்றி உள்ளே தங்கி நிற்கிற அரிசி ட்றைவருக்கு. எந்த மில்லிலும் அதுதான் வழக்கம், நெல்லுக்காரன் அதைக் கேட்க மாட்டான். காலையில் மூடியைத் திறந்தவுடன், கை பழகிய பழக்கத்தில், அவர் அந்த இரண்டு கொத்து அரிசியைத் துடைத்தெடுத்துத் பன்புல்லில் பின்னிய தன் பன்பையில் போட்டிருந்தார். ளுஹருக்கு வீட்டுக்குப் போனபோது கொண்டுபோய்க் கொடுத்தும்விட்டார். ஊராருடைய அரிசியை ஒவ்வொரு மணியாகத் தேடியவருக்குத் தன்னுடைய பையைத் தேடத் தோன்றவில்லை. அது மில்லின் அரிசி என்றே அவர் கணக்கில் இருக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது பன்பை கழுவப்பட்டுக் கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது.

நதீரா அவருடைய ஒரே மகள். வயிற்றில் ஏழு மாதம். மருமகன் றஊப் இங்கினியாகலையில் அணைக்கட்டு வேலைக்குப் போனவன், மாதத்துக்கு ஒருமுறை வருவான். நூஹுவின் மனைவி ஆசியா உம்மா மௌத்தாகி இரண்டு வருடமாகிறது. அந்த மரணத்தில் நூஹு அழவில்லை. கபுறடியில், அவளை அடக்கிய இடத்தில், நின்றபோது கால் மரத்துப்போனது போல் ஒரு உணர்வு, அது காலிலிருந்து மேலே ஏறி அவரைவிட்டுப் போகவேயில்லை. சோறு சோறாக இருந்தது, வேலை வேலையாக இருந்தது. பேரப்பிள்ளை வரப்போகிறது என்று கேள்விப்பட்ட அன்றுதான் உள்ளே எங்கோ ஓரிடத்தில் கொஞ்சம் சூடு தெரிந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. தினமும் ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"பகல் கொண்டந்த அரிசி எங்க, மகள்?"

நதீரா வெட்கத்தோடு சிரித்தாள். உதட்டோரத்தில் மாவு ஒட்டியிருந்தது. "தின்டுட்டன், வாப்பா. பச்சையா. அந்த மணம் வந்தா கை நிக்கிதில்ல."

பிள்ளைத்தாய்ச்சிகள் பச்சரிசி தின்னுவது ஊரில் இல்லாததல்ல. ஆசியாவும் தின்றவள்தான்.

"எல்லாத்தையுமா?"

"ஓம். ஒண்டு மட்டும் பல்லில பட்டிச்சி, கல்லுப் போல. துப்ப மனம் வரல்ல. முழுங்கிட்டன்."

நூஹு அவளுடைய வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். பயமாக இருந்தது. ஆனால் அந்தப் பயமும் எட்டத்தில் நின்றது, அடுத்த வீட்டுக்காரருடைய பயம் போல. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் எப்படி இரும்பு அரிசிக்குள் வந்தது என்று கேட்பார்கள். கல்முனையில் ஒரு வாயில் போட்டது ஊர் வாய்க்கெல்லாம் போகும். ஹாஜியாருக்குப் பொய் தெரியவரும், பொய்க்குப் பின்னால் காதும் தெரியவரும். சின்னத் துண்டு. தானாகவே போய்விடும். சின்னப் பிள்ளைகள் ஊசி முழுங்கியும் பிழைத்திருக்கிறார்கள்.

"ஒண்டும் இல்ல," என்றார். அவள் ஒன்றும் கேட்டிருக்கவில்லை.

மூன்று நாள் கழிந்தது. கல்யாண வீட்டில் சோறாக்கித் தின்று எல்லாரும் நலமாக இருப்பதாகச் செய்தி வந்தது. புதுப் பிளேட் அழகாக ஓடியது. கம்பியைக் கடிக்கும்போதெல்லாம் அந்த மெல்லிய இழையோசை பல்லில் இறங்கி அவருக்கு ஒரு தைரியத்தைக் கொடுத்தது.

நாலாம் நாள் பகல் சோற்றுக்குப் பிறகு சீமெந்துத் தரையில் சரிந்து படுத்தார். வெயில் கூரையை அறைந்துகொண்டிருந்தது. அடுப்படியில் சுட்ட கருவாட்டு மணமும், முற்றத்து மணலின் சூடும், எங்கோ கடலிலிருந்து வருகிற உப்புக் காற்றும் சேர்ந்து அவரை உறக்கத்துக்குள் தள்ளின. தலை சரிந்து தாடை தரையில் பட்டது. அப்போது வந்தது அந்த ஓசை. மிக மெலிதாக, தொடர்ச்சியாக, ஏதோ ஒன்று சுற்றுகிற ஓசை. நடுவில், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை, ஒரு சின்னத் தட்டு.

தலையைத் தூக்கினார், ஓசை இல்லை. மறுபடி தாடையைத் தரையில் வைத்தார், இருந்தது.

மில் அந்த நேரத்தில் ஓடவில்லை. மருதமுனைத் தறிகள் இங்கே கேட்கிற தூரமில்லை. அவர் தவழ்ந்தபடி தாடையை அங்கங்கே வைத்துப் பார்த்தார். வாசற்பக்கம் ஓசை தேய்ந்தது. உட்பக்கம் வளர்ந்தது. நதீரா படுத்திருந்த அறையின் நிலைப்படியில் அது பல் கூசுகிற அளவுக்கு இருந்தது. அவர் நிலைப்படியிலிருந்து முகத்தை எடுத்துப் பார்த்தார். மகள் பாயில் ஒருக்களித்துப் படுத்து, கண்ணைத் திறந்தபடி, எதையோ மென்றுகொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் அவள் பாயை உதறிக்கொண்டிருந்தாள்.

"தவிடு, வாப்பா. உங்கட சாரத்திலருந்து கொட்டுது போல. ஒவ்வொரு நாளும் கூட்டுறன்."

அவர் அவளுடைய அறைக்குள் போவதேயில்லை. அதைச் சொல்லவில்லை. குனிந்து ஒரு சிட்டிகை எடுத்தார். மிக நைசான தவிடு, பிளேட் நன்றாகப் படிந்தால்தான் அப்படி வரும். நிறம் மட்டும் கொஞ்சம் சிவப்போடியிருந்தது. சிவப்பரிசித் தவிடாக இருக்கலாம். ஆனால் அவர் விரலைப் பிரிக்காமல் அப்படியே நின்றதற்குக் காரணம் நிறமல்ல. இடுப்பில் கட்டிய சாரத்தில் ஒட்டி வந்த தவிடு ஆறிப்போயிருக்கும். இது சூடாக இருந்தது. மிசினிலிருந்து இப்போதுதான் கொட்டியது போன்ற சூடு, அவருடைய உள்ளங்கைக்குப் பதினெட்டு வருடமாகத் தெரிந்த சூடு.

"புள்ள எப்பிடி?"

"உதைக்கிறல்ல இப்ப." அவள் வயிற்றில் கையை வைத்துக்கொண்டாள். "கிறுகுது. ஒரே பக்கமாச் சுத்திக் கிறுகிட்டே இரிக்கி. நோவில்ல, வாப்பா. ஒண்டுமே தெரியல்ல. மரத்த மாதிரி இரிக்கி."

"சாப்பிடுறியா?"

"தின்டா அமைதியா இரிக்கி. தின்னாட்டி உள்ளுக்கு என்னமோ தட்டுது."

நூஹு மில்லுக்குப் போய்விட்டார். அன்று முழுவதும் கம்பியைக் கடித்துக்கொண்டே நின்றார். தின்னாட்டித் தட்டுது. தொட்டி வெறுமையானால் தட்டும். அவருக்கு இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க விருப்பமில்லை. ஆனால் துண்டுகளைப் பொருத்திப் பார்ப்பதே தொழிலாகிப் போன மனம் அது, தானாகவே பொருத்தியது. இந்தத் தடவை இடைவெளி இருக்கவில்லை.

பின்பக்கத்தில் ஸைனம்பு சுளகைக் கீழே வைத்துவிட்டு அவர் முன்னால் வந்து, அவர் வாயசைவு பார்ப்பதற்கு வசதியாக, முகத்துக்கு நேரே நின்று மெதுவாகக் கதைத்தாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

"நூஹு காக்கா, அந்தத் துண்டு கிடைக்கல்லதானே?"

"கிடைச்சிது."

"நான் ஆரிட்டயும் சொல்லமாட்டன். எங்க போன எண்டு உங்களுக்குத் தெரிஞ்சா, இப்பயே சொல்லுங்க. அந்த அரிசி போன ஆக்களுக்கிட்டச் சொல்லுங்க."

"கிடைச்சிது எண்டன்தானே."

அவள் திரும்பிப் போய்ச் சுளகை எடுத்தாள். 

வியாழக்கிழமை மருத்துவிச்சி சபியா உம்மா வந்தார். அந்தப் பகுதியில் பாதிப் பேரை வெளியே எடுத்த கை. நதீராவைப் படுக்கவைத்து வயிற்றைத் தடவியவர், சட்டென்று கையை எடுத்துவிட்டார். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். மறுபடி வைத்தார். இம்முறை நீண்ட நேரம் வைத்திருந்தார். பின்பு எழும்பி நூஹுவை முற்றத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"தம்பி, போன மாசம் இந்தக் கையில தலை பட்டது. இப்ப தலையும் படல்ல, காலும் படல்ல. வயிறும் வத்திப்போய் இரிக்கி."

நூஹு அவருடைய வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உள்ளுக்கு என்னமோ நடுங்குது. நாப்பது வருசத்தில நான் இப்பிடிக் கண்டல்ல. என்னத்தத் தின்டாள் உங்கட மகள்?"

இதுதான் வாசல். இதற்குமேல் ஒரு வாசல் வராது என்று அவருக்குத் தெரியும். வாயைத் திறந்தார். சுண்டுவிரல் நகமளவு ஒரு சொல்தான் வேண்டியிருந்தது.

"அரிசி," என்றார்.

"இண்டைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க."

"நாளைக்கு ஜும்ஆத் தொழுகை முடியக் கொண்டு போறன்."

சபியா உம்மா அவரை ஒரு மாதிரிப் பார்த்தார். "அப்ப நாளைக்கு நானே வந்து கூட்டிட்டுப் போறன். நீங்க ஆளை எழுப்பி வைங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். தெருவில் இறங்கும்போது தன் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே போனார். முந்தானையில் செம்மஞ்சளாக ஒரு தூள் படிந்தது.

வெள்ளிக்கிழமை மில் ஓடாது. நூஹு காலையில் போய், பூட்டைத் திறந்து, கம்பியை எடுத்துக்கொண்டு வந்தார். ஏன் எடுத்தார் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. ஒரு மிசினில் ஏதோ பிழை என்றால் அவர் முதலில் செய்வது அதுதான். குளிக்கவில்லை. ஜும்ஆவுக்கு உடுப்பு மாற்றவில்லை. தெருவில் வெள்ளைத் தொப்பிகள் ஒவ்வொன்றாகப் பள்ளிப் பக்கம் போய்த் தீர்ந்தன. கடைகள் பலகை போட்டு மூடிவிட்டன. ஊர் முழுவதும் ஆண்பிள்ளை இல்லாமல் வெயிலோடு கிடந்தது. எந்த எஞ்சினும் இல்லை, எந்த வண்டியும் இல்லை. அவருடைய காதுக்கு எல்லா நாளும் இப்படித்தான், ஆனால் அன்று ஊரும் அவரைப் போலவே ஆகிவிட்டிருந்தது.

நதீரா அடுப்படியில் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அரிசிப் பானை. கை பானைக்குள் போனது, வாய்க்கு வந்தது, பானைக்குள் போனது. கண் எதையும் பார்க்கவில்லை. அவளைச் சுற்றித் தரையில் தவிடு. சேலைக் கரையின் அடியிலிருந்து அது மெதுவாக, நிற்காமல் வந்துகொண்டிருந்தது. அவள் அதைக் கூட்டுவதையும் விட்டுவிட்டாள் போலிருந்தது.

"மகள்."

அவள் உதடு அசைந்தது. என்ன சொன்னாள் என்று தெரியவில்லை. வாய் நிறைய அரிசி.

அவர் முன்னால் குந்தினார். தவிட்டின் சூடு பாதத்தில் ஏறியது. கம்பியின் ஒரு நுனியைச் சேலைக்கு மேலாக வயிற்றில் வைத்தார், மெதுவாக, நோகக்கூடாது என்று. மறுநுனியைக் கடைவாயில் வைத்துக் கடித்தார். கண்ணை மூடினார்.

ஓடிக்கொண்டிருந்தது.

சுற்று. அடங்கிய, பாரம் ஏறிய சுற்று. நெல் நிறைந்த தொட்டியின் கீழ் உருளை எப்படிச் சுற்றுமோ அப்படி. பக்கத்தில் பிளேட், இழை அறாமல். அவர் தன்னையறியாமல் அதைக் கேட்கத் தொடங்கிவிட்டார், கரகரப்பு இருக்கிறதா என்று. இல்லை. முனை மழுங்கியிருக்கிறதா என்று. இல்லை. நன்றாகப் படிந்த பிளேட். தேய்வே இல்லை. இன்னும் இருபது நாளைக்குப் புரட்ட வேண்டியதில்லை என்று அவருடைய தலைக்குள் யாரோ சொன்னார்கள். அது அவருடைய குரல்தான்.

சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தார். துண்டு கிடைக்கல்ல, மகள். அது உனக்குள்ள இரிக்கி. எனக்கு அண்டைக்கே தெரியும். இதைச் சொல்ல வாயைத் திறக்க வேண்டும். திறந்தால் கம்பி விழும். விழுந்தால் கேட்காது. கேட்காவிட்டால் எப்போது என்ன ஆகும் என்று தெரியாது. பற்களை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

ஓசை மாறியது.

பாரம் குறைகிறது. சுற்று லேசாகிறது.

கண்ணைத் திறந்தார். நதீராவின் கை பானையின் அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தது. வெறும் கை மேலே வந்தது. வெறும் வாய் மென்றது. சேலை வயிற்றோடு ஒட்டிக் கிடந்தது. ஏழு மாதம் இருந்த இடம் தட்டையாக, மடிந்து கிடந்தது. ஏழு மாதம் எங்கே என்று அவர் தேடவில்லை. அவருடைய காலைச் சுற்றிக் குவிந்து கிடந்தது, சூடாக.

தட்டு.

பல்லில் விழுந்தது.

தட்டு. தட்டு.

உருளை ஆடுகிறது. இரும்பில் இரும்பு.

நதீரா அவரைப் பார்த்தாள். இப்போதுதான் பார்த்தாள். வாயில் அரிசி இல்லாததால் உதடு தெளிவாகத் தெரிந்தது.

"வாப்பா, தட்டுது."

தட்டு. அவளுடைய தோள் ஒருமுறை துள்ளியது.

"வாப்பா, உடைக்கப் போகுது."

வீட்டில் வேறு அரிசி இல்லை. மூலையில் அடுத்த போகத்துக்கென்று வைத்த விதைநெல் ஒரு சாக்கு இருந்தது. கம்பியைக் கடித்தபடியே, நுனியை அவளுடைய வயிற்றிலிருந்து எடுக்காமல், ஒரு கையை எட்டிச் சாக்கின் வாயை அவிழ்த்தார். அரிசி அளக்கிற கொத்தை அதற்குள் முக்கினார். நிரப்பினார். உமியோடு, சொரசொரவென்று.

வாசலில் வெயில் மறைந்தது. சபியா உம்மா வந்து நின்றார். அவருடைய வாய் அகலமாகத் திறந்து, மூடி, மறுபடி திறந்தது. அவருக்குப் பின்னால், துணைக்கு வந்த ஸைனம்பு. அவளுடைய வாயும் திறந்திருந்தது. நூஹுவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவருக்குக் கேட்டது ஒன்றே ஒன்றுதான், அது அவசரமாக இருந்தது.

தட்டு. தட்டு. தட்டு.

நதீரா வாயைத் திறந்தாள். அவர் கொத்தைச் சரித்தார். நெல் இறங்கியது. தட்டுகிற ஓசை அடங்கி, பாரம் ஏறி, இழை மறுபடியும் ஒரே சீராக ஓடத் தொடங்கியது. அவர் கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு கொத்துக்காகக் கையைச் சாக்குக்குள் விட்டார்.